அஞ்சடி பிறந்த கதை

காலை எட்டு மணிக்கு எங்கள் கப்பல் பினாங்குத் தீவின் சுவெட்டன்ஹாம் துறையில் வந்து நின்றது. மாலை நான்கு மணிக்குள் எல்லோரும் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். கையில் இருந்தது எட்டு மணி நேரம். ஜார்ஜ் டவுனை நடந்தே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

துறைமுக வாசலைத் தாண்டியதும் மணிக்கூண்டு. விக்டோரியா அரசியின் வைரவிழா நினைவாக எழுந்தது. ஆட்சி செய்த 60 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786 ஆகஸ்ட் 11 அன்று பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அவர் போட்ட முதல் தெருக்களில் ஒன்று பீச் தெரு. பெயர்தான் கடற்கரைத் தெரு, இன்று அங்கே நின்றால் கடல் தெரியாது. 1880களில் கடலைத் தூர்த்து வெல்டு கீ என்ற புதிய கரையை உண்டாக்கியபோது பழைய கரை ஊருக்குள் போய்விட்டது.

குட்டி இந்தியாவுக்குள் நுழைந்து மார்க்கெட் தெருவில் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. தூறல் என்ற முன்னறிவிப்பே கிடையாது. வானம் அப்படியே கொட்டியது. குடையும் இல்லாமல் நடுத்தெருவில் தடுமாறிய என்னை, தூணோரம் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி கூப்பிட்டார்.

"ஏண்ணே நனையிறீங்க? அஞ்சடியில ஏறி நில்லுங்க."

அஞ்சடியா? நான் விழித்ததைப் பார்த்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். கடையின் முகப்புக்கும் தெருவுக்கும் நடுவே, மேல்மாடியின் நிழலில் நீளமாக ஓடிய நடைபாதை அது. ஏறி நின்றேன். அதே பாதை பக்கத்துக் கடை, அதற்கடுத்த கடை என்று தெருமுனை வரை தூண் தூணாகப் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு மழையிலும் அதில் ஒரு சொட்டு விழவில்லை.

அன்று மீதி நேரமெல்லாம் நான் பார்த்தது அந்த அஞ்சடியைத்தான்.

மலாய்க்காரர்கள் இதைக் காக்கி லிமா என்கிறார்கள். காக்கி என்றால் கால், அடி. லிமா என்றால் ஐந்து. ஹொக்கியன் சீனர்களின் பேச்சிலும் இதற்கு ஐந்தடி என்றுதான் பெயர். தமிழர் வாயில் ஐந்தடி அஞ்சடி ஆயிற்று. மூன்று இனங்கள், மூன்று மொழிகள். இந்த இடத்துக்கு மட்டும் எல்லோரும் ஓர் அளவையே பெயராக வைத்திருக்கிறார்கள். அளந்து போட்ட சட்டத்தில் பிறந்த இடம் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

சட்டத்தின் கதை சிங்கப்பூரில் தொடங்குகிறது. ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் 1805இல் பினாங்குக்கு வந்து உத்தியோகம் பார்த்தவர், மலாய் மொழியில் தேர்ந்தவர். 1811 முதல் 1816 வரை ஜாவாவை ஆண்டவர். அங்கே டச்சுக்காரர்கள் கட்டிய பத்தேவியா நகரம் அவருக்குப் பழக்கமான ஊர். 1819இல் சிங்கப்பூரில் கால் ஊன்றினார். மூன்றே ஆண்டுகளில் அந்த ஊர் திட்டமில்லாமல் புடைத்துக்கொண்டு வளர, 1822 நவம்பரில் ஒரு நகரக் குழுவை அமைத்து அதற்கு எழுத்தில் கட்டளைகள் கொடுத்தார். தெருக்கள் எப்படிப் போக வேண்டும், யார் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தன. சோழியர் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கும் தனியிடம் ஒதுக்கப்பட்டது.

அந்தக் கட்டளைகளில் ஒன்றுதான் அஞ்சடியின் வித்து. செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டும் வீடுகள் எல்லாவற்றுக்கும் முகப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டின் முன்பும் தூண்கள் தாங்கும் நடை விட வேண்டும். அது அடுத்த வீட்டு நடையோடு சேர்ந்து தெருவின் இருபுறமும் தடையில்லாமல் ஓட வேண்டும். இதுதான் சாரம். எத்தனை அடி ஆழம் என்று அதில் சொல்லவில்லை. ஐந்தடி என்ற அளவு பின்னால் வந்த கட்டட விதிகளில் ஏறியது. ஐந்து என்பது குறைந்தபட்சம்தான். ஆறடி, ஏழடி விட்டவர்களும் உண்டு. பெயர் மட்டும் ஐந்திலேயே நின்றுவிட்டது. 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற ஒரே நிர்வாகத்தின் கீழ் வர, ஓர் ஊரின் பழக்கம் மற்ற ஊர்களுக்கும் வழக்கமானது.

கட்டளை போட்டவருக்கு வேண்டியிருந்தது ஒழுங்கு. இந்த வெயிலுக்கும் மழைக்கும் வேண்டியிருந்தது நிழல். இரண்டும் ஒரே தூணில் வந்து சேர்ந்தன.

மழை விடும் வரை நின்ற இடத்திலிருந்தே அதன் அமைப்பைப் பார்த்தேன். இங்குள்ளவை கடைவீடுகள்: கீழே கடை, மேலே குடித்தனம். உத்திரத்துக்குக் கிடைக்கும் மரத்தின் நீளத்தை ஒட்டி அகலம் பதினாறு முதல் இருபது அடி. ஆழமோ நூறடியைக் கூடத் தாண்டும். இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரே பொதுச்சுவர். உள்ளே வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நம் முற்றத்தைப் போல ஒரு திறந்தவெளி. கீழ்த்தளத்தை உள்ளே தள்ளி, மேல்தளத்தை முன்னால் நீட்டித் தூண்மேல் நிறுத்தினால் அஞ்சடி தானாக அமைந்துவிடுகிறது. உரிமையாளருக்கு மாடியில் இடம் குறையவில்லை. நடப்பவருக்குத் தரையில் வழி கிடைத்தது. சில பழைய வீடுகளில் மாடித் தரையில் சிறு துளை ஒன்று விட்டிருப்பார்கள். கதவைத் தட்டுவது யார் என்று மேலிருந்தே குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.

தரையைப் பார்த்தால் ஒவ்வொரு வீட்டின் மனமும் தெரியும். என் காலடியில் செங்கல் நிறத்தில் சுட்ட ஓடு. ஓரெட்டு வைத்தால் அடுத்த கடை. அங்கே ஆத்தங்குடிக் கல்லைப் போலப் பூப்போட்ட சிமெண்ட் கற்கள், நடுவில் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தன. அதற்கடுத்த வீட்டில் தரை நான்கு விரற்கடை உயரம். அந்த இடத்தில் சிமெண்டைச் சரிவாகப் பூசிவிட்டிருந்தார்கள். தூண் ஒன்றில் சீன எழுத்துகள் மேலிருந்து கீழாக இறங்கின. அதன் அடியில் சிவப்புத் தகரக் குவளையில் மூன்று ஊதுவத்திகள். அதற்கு இரண்டு தூண் தள்ளி, நம் பூக்காரம்மாவின் மல்லிகைப் பந்து.

சட்டம் போட்டவுடன் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. நிலம் யாருடையது? வீட்டுக்காரருடையது. அதில் நடக்கும் உரிமை? ஊருடையது. ஒரே ஐந்தடிக்கு இரண்டு சொந்தக்காரர்கள். கடைக்காரர்கள் அதில் மூட்டைகளை அடுக்கினார்கள், வாடகைக்கு விட்டார்கள், நாற்காலி போட்டு முடிவெட்டினார்கள். நடப்பவர்கள் தெருவில் இறங்கி மாட்டுவண்டிகளுக்கு நடுவே போக வேண்டியதாயிற்று. 1887இன் நகராட்சிச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 1888 பிப்ரவரியில் சிங்கப்பூர் நகராட்சி நடைகளைக் காலி செய்யக் கிளம்பியது. கடைகள் அடைக்கப்பட்டன, கல்வீச்சு நடந்தது. வராந்தா கலவரம் என்று வரலாற்றில் நிற்பது இதுதான். அதிகாரிகள் நடக்க வழி கேட்டார்கள், கடைக்காரர்கள் பிழைக்க இடம் கேட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் முழு வெற்றி யாருக்கும் கிடைக்கவில்லை. பின்னாளில் கண்டது ஒரு சமரசம்: நடக்க வழி விட்டுவிட்டு மிச்சத்தில் பிழைத்துக்கொள்ளலாம்.

இதற்கிடையே அஞ்சடி பல ஊர்களுக்குப் பயணம் போனது. 1881இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, மரமும் அத்தாப்பு ஓலையுமாக நின்ற ஊரைச் செங்கல்லும் ஓடுமாக மாற்றிக் கட்ட வைத்தவர் ஆங்கிலேய அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம். புதிய கடைவீடுகளோடு அஞ்சடியும் அங்கே போய்ச் சேர்ந்தது. காலையில் எங்கள் கப்பல் கயிறு கட்டிய துறைக்கு அவர் பெயர்தான். பினாங்கோடு கொள்வினை இருந்த தாய்லாந்தின் புக்கெட் நகரிலும் இதே நடை, இதே ஹொக்கியன் பெயரோடு, இன்றும் இருக்கிறது.

சட்டம் எலும்பைக் கொடுத்தது. அதற்குச் சதையும் இரத்தமும் கொடுத்தவர்கள் அங்கே உட்கார்ந்தவர்கள். ஒரு கடை பிடிக்க முதல் இல்லாத மனிதனுக்கு இந்த ஐந்தடிதான் முதல். நாணயம் மாற்றுபவர், கடிதம் எழுதிக் கொடுப்பவர், செருப்புத் தைப்பவர், சொங்கோக் தொப்பி தைப்பவர், கடலை விற்பவர், கிளி ஜோசியர் என்று எத்தனை குடும்பங்களுக்கு இங்கே அடுப்பு எரிந்திருக்கிறது! தோளில் காவடித்தண்டு போட்டுச் சோறும் குழம்பும் சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்து வந்ததுதான் நாசி கண்டார். கண்டார் என்பது அந்தத் தண்டின் பெயர். இரவானால் கடைக்குக் காவல் இருந்த சீக்கியர்கள் கயிற்றுக்கட்டிலை விரித்ததும் அஞ்சடியில்தான்.

நமக்குத் திண்ணை உண்டு. வழிப்போக்கனுக்கு வீட்டுக்காரர் மனமுவந்து கொடுத்த இடம் அது. ஆனால் ஒரு வீட்டுத் திண்ணை அந்த வீட்டோடு முடிந்துவிடும். அடுத்த திண்ணைக்குப் போக வெயிலில் இறங்க வேண்டும். அஞ்சடியோ தெருவின் எல்லா வீட்டுத் திண்ணைகளையும் கோத்த ஒரு சரம். ஒரு வீட்டுக்காரர் அடைத்தால் தெரு முழுவதும் அறுந்துபோகும். அதனால்தான் அதைக் காப்பது கடினம். அதனால்தான் அது இத்தனை பெரியது.

அறுபடும் ஆபத்து இன்றும் இருக்கிறது. பழைய கடைவீடுகளின் வாடகையைப் பல ஆண்டுகள் கட்டுப்படுத்தி வைத்திருந்த சட்டம் 1999 முடிவோடு காலாவதியானது. வாடகை ஏறியது, தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனையும் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த பிறகு தூண்களுக்கும் ஓடுகளுக்கும் காவல் கிடைத்தது. தூணைக் காப்பாற்றினால் போதாது; தூணடியில் உட்கார ஆள் வேண்டும், தூணைக் கடந்து நடக்க வழி வேண்டும். அன்று நான் நடந்த வழியிலேயே ஓரிடத்தில் கம்பிக் கதவும், இன்னோரிடத்தில் நான்கு மோட்டார் சைக்கிள்களும் என்னைத் தெருவில் இறக்கிவிட்டன. அப்படி இறங்கிய ஒவ்வொரு முறையும் வெயில் உச்சியில் சுட்டது.

மதியம் வெல்டு கீ பக்கம் சியூ என்ற சீனக் குலத்தாரின் மரத்துறைக்குப் போனேன். கடல்மேல் மரக்கால் நட்டு எழுப்பிய வீடுகள். அங்கே மண்ணும் இல்லை, தெருவும் இல்லை. ஆனாலும் எல்லா வீடுகளின் முன்னாலும் பொதுவாக ஒரு பலகைப் பாதை கடலை நோக்கிப் போகிறது. வாசல்களெல்லாம் அதில்தான் திறக்கின்றன. தண்ணீருக்கு மேலேயும் மனிதர்கள் நடப்பவருக்கு வழி விட்டே வீடு கட்டியிருக்கிறார்கள்.

திரும்பும்போது வேண்டுமென்றே மார்க்கெட் தெருவழியே வந்தேன். பூக்காரம்மா அதே தூணருகே இருந்தார். இப்போது வியாபாரம் சூடு பிடித்திருந்தது. முக்காலியும் பூக்கூடையும் வாளியுமாக நடையில் பாதியை அவர்தான் பிடித்திருந்தார். எதிரே கைத்தடி ஊன்றி ஒரு சீனப் பெரியவர் மெதுவாக வந்தார். பூக்காரம்மா தலை நிமிரவில்லை, நாரை முடிந்துகொண்டிருந்த விரல்களும் நிற்கவில்லை. காலால் வாளியைத் தூணோரம் ஒரு சாண் தள்ளினார். பெரியவர் கடந்து போனார். வாளி பழைய இடத்துக்கு வந்தது.

1822இல் காகிதத்தில் எழுதியதும் 1888இல் கல்லெறிந்து கேட்டதும் அந்த ஒரு சாணுக்காகத்தான். ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு, அஞ்சடியை விட்டு இறங்காமலே தெருமுனை வரை நடந்து கப்பலுக்குத் திரும்பினேன்.