வெட்டப்பட்ட எண்: 1806ஆம் ஆண்டுப் பணிநீக்கமும் சென்னைப் படையின் பெயர் மீட்பும் – வாலாஜாபாத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

1806ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சியை அடுத்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைப் பட்டியலிலிருந்து 1, 23 ஆகிய இரண்டு ரெஜிமெண்டு எண்கள் நீக்கப்பட்டன. பதினோரு ஆண்டுகளுக்குப் பின் நடந்த சீதாபல்டிப் போரை ஒட்டி முதல் எண் மீட்கப்பட்டது. மற்றோர் எண் பிற்கால மறுசீரமைப்பில் வாலாஜாபாத்தின் பெயர் தாங்கிய படைக்கு வந்து சேர்ந்தது. இழிவுடன் பணிநீக்கப்பட்ட படைவீரர் தம் பதிவைத் திருத்திக்கொள்ளும் உரிமை இன்று சட்டம் சார்ந்தது. அத்தகைய சட்டம் இல்லாத காலத்தில் திருத்தம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வாலாஜாபாத், வேலூர்ப் புரட்சி, சென்னைப் படை, பணிநீக்கம், சீதாபல்டி, ஓய்வூதியம்

பணிவிடுப்பும் பணிநீக்கமும்

படைப்பணியிலிருந்து ஒருவர் வெளியேறும் முறைகள் எல்லாம் ஒன்றல்ல. காலம் முடிந்தோ உடல்நலம் குன்றியோ பெறும் விடுப்பு வேறு. தண்டனையாக வரும் நீக்கம் வேறு. முன்னதில் பணிக்கால மதிப்பும் ஓய்வூதியமும் தொடரும். பின்னதில் இரண்டும் பொதுவாக இல்லாமற்போகும். ‘பேரை வெட்டிவிட்டார்கள்’ என்று பேச்சுவழக்கில் சொல்லும்போது பணி இழப்போடு மானமிழப்பும் அதில் அடங்கிவிடுகிறது. சென்னைப் படையில் சிப்பாயின் குடும்பம் அவனோடு கன்டோன்மென்ட் விட்டுக் கன்டோன்மென்ட் பெயர்ந்து வாழ்ந்ததால், ஒருவன் பெயர் வெட்டப்படுவது ஒரு வீட்டின் வாழ்விடமே பறிபோவதாகவும் அமைந்தது.

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாபாத், காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே பாலாற்றை ஒட்டி அமைந்த அத்தகைய கன்டோன்மென்ட்களுள் ஒன்று. ஐரோப்பியப் படையினரிடையே நோய்க்கும் சாவுக்கும் பெயர்போன நிலையமாகவும் அது இருந்தது. ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் வாகனங்கள் இன்று கடந்துபோகும் இவ்வூரில், 1806ஆம் ஆண்டுக் கோடையில் புதிய தலைப்பாகை பற்றிய மனக்கசப்பு சிப்பாய்களிடையே பரவியிருந்தது. வேலூரில் வெடித்தது வேலூருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு வாலாஜாபாத், ஐதராபாத், நந்திதுர்க்கம், பாளையங்கோட்டை ஆகிய நிலையங்களின் செய்திகள் சான்றாகின்றன.

தலைப்பாகையும் தண்டனையும்

தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கின் கீழ் வெளியான விதிகள் சிப்பாய்கள் அணிவகுப்பில் நெற்றிக்குறி இடுவதையும் காதணி அணிவதையும் தடுத்தன. தாடியை மழிக்கவும் மீசையை ஒரே அளவில் கத்தரிக்கவும் பணித்தன. அவற்றோடு தோல் சேர்த்த புதிய தலைப்பாகையும் வந்தது. 1806 மே மாதத்தில் வேலூரிலிருந்த 4ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்துச் சிப்பாய்கள் அதை அணிய மறுத்தனர். விசாரணைக்கு ஆளான 21 பேரில் இருவருக்குத் தலா 900 கசையடியும் பணிநீக்கமும் விதிக்கப்பட்டன. மற்ற 19 பேருக்கு விதித்த 500 கசையடி, அவர்கள் மன்னிப்புக் கேட்டதன்பேரில் தள்ளுபடி செய்யப்பட்டது. அடி, நீக்கம், மன்னிப்பு என்னும் மூன்றும் இந்தச் சிறு வழக்கிலேயே சேர்ந்து வருகின்றன. மன்னிப்பைக் கேட்டுப் பெற வேண்டியவர்கள் சிப்பாய்களே; விதியை இயற்றியவர்களிடம் எவரும் விளக்கம் கேட்கவில்லை.

ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் 1ஆம் ரெஜிமெண்டின் இரு பட்டாளங்களும் 23ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளமும் இருந்தன. புரட்சியையும், ஆர்க்காட்டிலிருந்து விரைந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை அதை அடக்கியதையும் இங்கு விரிக்க வேண்டியதில்லை. அதன் பின் வந்த நிருவாக நடவடிக்கைகளே இக்கட்டுரைக்கு முக்கியம். விசாரணையில் குற்றவாளிகளாகக் காணப்பட்டோருள் அறுவர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர், ஐவர் சுடப்பட்டனர், எண்மர் தூக்கிலிடப்பட்டனர், ஐவர் நாடுகடத்தப்பட்டனர். எஞ்சிய நூற்றுக்கணக்கான கைதிகளை என்ன செய்வது என்பதில் ஆளுநர் வில்லியம் பெண்டிங்குக்கும் கிரடாக்குக்கும் கடும் கருத்து வேறுபாடு எழுந்தது. தனித்தனியே குற்றம் மெய்ப்பிக்க இயலாதவர்களையும் படையிலிருந்து விலக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் பெரிய வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை.

முஸ்தபா பேக் என்னும் சிப்பாயின் கதை இங்கே குறிப்பிடத்தக்கது. 1ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த அவர் புரட்சிக்கு முன்பே தம் அதிகாரியிடம் எச்சரித்தார். அது பொய் என்று ஒதுக்கப்பட்டது. அவரும் காவலில் வைக்கப்பட்டார். பின்னர் அவருக்கு 2,000 வராகன் பரிசும் சுபேதாருக்குரிய ஓய்வூதியமும் தரப்பட்டன. 1806ஐ ஒட்டித் தனி ஒரு சிப்பாயின் நிலை திருத்தப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது. அதுவும் ஆட்சிக்குத் துணைநின்றவருக்குக் கிட்டிய திருத்தமே.

கலகத்துக்குக் காரணமான விதிகள் அந்த ஜூலையிலேயே திரும்பப் பெறப்பட்டன. 1807இல் பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பியழைக்கப்பட்டனர். ஆணை தவறு என்பதைக் கம்பெனி இவ்வாறு நடைமுறையில் ஒப்புக்கொண்டது. ஆயினும் அந்த ஆணையை எதிர்த்ததற்காக நீக்கப்பட்டவர்களின் பதிவை அது தொடவில்லை. 1, 23 ஆகிய எண்களும் பட்டியலில் வெற்றிடமாயின. 1ஆம் ரெஜிமெண்டின் முதல் பட்டாளத்து மரபு, 24ஆம் ரெஜிமெண்டின் முதல் பட்டாளம் என்னும் புதுப்பெயரில் தொடர்ந்தது.

சீதாபல்டி

1817 நவம்பர் 26 மாலை, நாகபுரியில் அப்பா சாகிபின் படை ஆங்கில ரெசிடெண்டின் இருப்பிடத்தை ஒட்டிய சீதாபல்டிக் குன்றுகளைத் தாக்கியது. குன்றுகளைக் காத்தவர்கள் ஏறத்தாழ 1,400 பேர். எதிரே வந்தவர்கள் ஏறத்தாழ 18,000 பேர். காத்தவர்களுள் பெரும்பகுதி சென்னைப் படையின் 20, 24ஆம் ரெஜிமெண்டுகளின் முதல் பட்டாளங்கள். இரண்டு குன்றுகளுள் சிறியதை 24ஆம் ரெஜிமெண்டின் 300 பேர் இரவெல்லாம் தாங்கி நின்றனர். அவர்களின் கேப்டன் சாட்லர் அங்கேயே மாண்டார். மறுநாள் காலை அரபு வீரர்கள் அக்குன்றைக் கைப்பற்றினர். வங்காளக் குதிரைப்படையின் பாய்ச்சலும், வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்ததில் எழுந்த குழப்பமும் சேர்ந்து குன்றை மீட்கத் துணைசெய்தன.

வெற்றிக்குப் பின் 24ஆம் ரெஜிமெண்டின் இந்திய அதிகாரிகள் முன்வைத்த வேண்டுகோள் ஒன்றே: தங்கள் பழைய எண்ணைத் திருப்பித் தர வேண்டும். அது ஏற்கப்பட்டது, பட்டாளம் மீண்டும் 1ஆம் ரெஜிமெண்டு ஆயிற்று.

இந்த அர்ஜியின் தன்மை கூர்ந்து நோக்கத்தக்கது. பரிசாகப் பணத்தையோ நிலத்தையோ கேட்டிருக்கலாம்; அவர்கள் ஓர் எண்ணைக் கேட்டனர். பதினோரு ஆண்டுக்காலம் பெயர் மாறிய படையில் பணியாற்றியவர்கள் அந்த இழிவை மறக்கவில்லை என்பதை இது காட்டுகிறது. ஆனால் அவர்கள் 1806ஐ மறுவிசாரணை செய்யுமாறு கேட்டிருந்தால் எண் திரும்பியிருக்குமா என்பது ஐயத்துக்குரியது. கம்பெனிக்காக மராட்டியரை எதிர்த்துச் சிந்திய குருதியே எண்ணின் விலையாயிற்று. அர்ஜி ஏற்கப்பட்டதால் வேலூரில் தூக்கிலிடப்பட்டவர் எவரும் குற்றமற்றவராகவில்லை. விலக்கப்பட்டவர் எவருக்கும் பணிக்காலம் திரும்பவில்லை. பட்டாளத்தின் பதிவு திருத்தப்பட்டது. பட்டாளத்தான் பதிவு அப்படியே கிடந்தது.

23ஆம் எண்ணின் வழி

23ஆம் எண்ணுக்கு இத்தகைய போரும் அர்ஜியும் தேவைப்படவில்லை. 1824இல் இரு பட்டாள ரெஜிமெண்டு முறை கைவிடப்பட்டுப் பட்டாளங்களுக்குப் புது எண்கள் இடப்பட்டபோது, 1794இல் திரட்டப்பட்ட ஒரு படை 23ஆம் எண்ணைப் பெற்றது. வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி என்று அறியப்பட்டது அதுவே. வேலூரில் எழுந்த 23ஆம் ரெஜிமெண்டுக்கும் இதற்கும் மரபுத்தொடர்ச்சி இல்லை. ஆகவே 1806இன் நினைவைச் சுமந்த ஓர் எண் வேண்டுகோளால் திரும்பியது. மற்றொன்று எழுத்தர் மேசையில் நடந்த கணக்கால் வேறொருவர் தோளில் ஏறியது.

பிற்கால ஒப்புமைகள்

வேலூருக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1906இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பிரௌன்ஸ்வில்லில் துப்பாக்கிச்சூடு ஒன்று நடந்தது. அதன் பேரில் 25ஆம் காலாட்படை ரெஜிமெண்டின் கறுப்பினப் படைவீரர் 167 பேரைக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் விசாரணை மன்றம் எதுவுமின்றி மதிப்பிழந்த பணிவிடுப்பில் அனுப்பினார். 1972இல் அந்நாட்டு இராணுவம் அதை மதிப்பான பணிவிடுப்பாக மாற்றியது. அப்போது உயிரோடிருந்தவர் ஓரிருவரே. எனினும் இங்குத் திருத்தப்பட்டவை ஆட்களின் பதிவுகள். சீதாபல்டியோடு ஒப்பிட இதுவே முதன்மையான வேறுபாடு.

இந்திய தேசிய இராணுவத்தினரின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. போர் முடிந்தபின் பிரித்தானிய இந்திய இராணுவம் அவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வகைப்படுத்திக் கறுப்பு வகையினரைப் பணிநீக்கம் செய்தது. விடுதலைக்குப் பின்னும் அவர்கள் இராணுவத்தில் திரும்பச் சேர்க்கப்படவில்லை. 1972ஆம் ஆண்டு விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தில் இந்திய தேசிய இராணுவத்தினரும் இடம்பெற்றனர். அந்த ஓய்வூதியம் அவர்களுக்குத் தியாகிகள் என்னும் நிலையில் கிடைத்ததே அன்றி, படைவீரர் என்னும் நிலையில் அன்று.

இன்று தண்டனையாகப் பணிநீக்கப்பட்ட இந்தியப் படைவீரர் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். சென்னையிலும் அதற்கு அமர்வு உண்டு. தண்டனைப் பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் இயந்திரத்தனமாகக் கொண்டு ஒருவரை விடுவிப்பது ஏற்கத்தக்கதன்று என 2015இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பணிக்காலத்தின் நீளமும் ஆற்றிய கடமையின் கடுமையும் சீர்தூக்கப்பட வேண்டும் என்பது அத்தீர்ப்பின் நிலைப்பாடு. 900 கசையடி பெற்று வேலூரிலிருந்து வெளியேற்றப்பட்ட இருவருக்கு இப்படி ஒரு வாயில் இருக்கவில்லை.

மீட்கப்பட்ட 1ஆம் எண் 1903ஆம் ஆண்டு மறுசீரமைப்பில் 61 ஆயிற்று. 23ஆம் எண் 83வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி ஆயிற்று. சென்னைப் படை எண்களோடு அறுபதைக் கூட்டிய கணக்கு அது. 83ஆம் படை 1922இல் 3ஆம் மெட்ராஸ் ரெஜிமெண்டுக்குள் சேர்க்கப்பட்டு, 1920களின் இறுதிக்குள் கலைந்தது. 61ஆம் படை சீதாபல்டியைத் தன் போர்ச் சிறப்புப் பட்டியலில் சுமந்தபடி பயனியர் படையாகத் தொடர்ந்து, 1933இல் கலைக்கப்பட்டது.