நியூகிரேஞ்ச்

அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில், பாய்ன் ஆற்றுக்கு வடக்கே உயர்ந்த நிலத்தில் உள்ள புதிய கற்கால நடைவழிக் கல்லறை. கி.மு. 3200ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. கீசாவின் பெரிய பிரமிடைவிடச் சில நூற்றாண்டுகள் மூத்தது. தமிழகத்துப் பெருங்கற்காலச் சின்னங்கள் பெரும்பாலும் இரும்புக் காலத்தவை. இதைக் கட்டியவர்களோ எந்த உலோகத்தையும் அறியாத உழவர்கள்.

சுமார் 85 மீட்டர் குறுக்களவுள்ள மேட்டைச் சுற்றி 97 விளிம்புக் கற்கள் கிடத்தப்பட்டுள்ளன. வாயிலை மறித்துக் கிடக்கும் கல்லில் சுருள் கோலங்கள் நிறையச் செதுக்கப்பட்டிருக்கின்றன. முகப்புக்கான வெண்படிகக் கற்கள் தெற்கே தொலைவிலுள்ள விக்லோ மலைப் பகுதியிலிருந்து வந்தவை.

கட்டியவர்களின் திறமை வெளிப்பார்வைக்குத் தெரியாத இடங்களில்தான் உச்சம் தொடுகிறது. 19 மீட்டர் நீள நடைவழி, மூன்று மாடக்குழிகள் கொண்ட சிலுவை வடிவ அறையில் முடிகிறது. அறையின் கூரை சுண்ணமோ சாந்தோ இல்லாமல் எழுந்தது. பலகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சற்றே உள்நோக்கி நீட்டி அடுக்கி, 6 மீட்டர் உயரத்தில் ஒற்றைக் கல்லால் மூடியிருக்கிறார்கள். நடைவழிக் கூரைக்கற்களின் மேற்பரப்பில் மழைநீர் வடியக் கால்கள் கொத்தி, இடுக்குகளைச் சுட்ட மண்ணாலும் கடல் மணலாலும் அடைத்தார்கள். கட்டடத்தின் காலத்தைக் கணிக்க உதவியதும் அந்தச் சுட்ட மண்தான். ஐயாயிரம் ஆண்டு மழைக்குப் பிறகும் அறை நனையவில்லை.

நடைவழியின் தரை உள்ளே போகப் போக ஏறக்குறைய 2 மீட்டர் உயர்கிறது. அதனால் வாசல் வழியே நுழையும் வெயில் அறையை எட்டாது. வாசலுக்கு மேலே தனியாக ஒரு கற்சாளரம் வைத்து அந்தக் குறையைத் தீர்த்தார்கள். ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டிய சில நாள்களில், உதயத்துக்குச் சில நிமிடங்களுக்குப் பின் அதன் வழியே ஒளிக்கற்றை நுழைந்து, சுமார் 17 நிமிடம் அறைத் தரையில் படர்கிறது.

காலப்போக்கில் மேட்டின் விளிம்பு சரிந்து வாயிலை மறைத்தது. 1699இல் நில உரிமையாளர் சார்லஸ் கேம்பலின் ஆட்கள் கல் எடுக்கத் தோண்டியபோது வழி வெளிப்பட்டது. பழம்பொருள் ஆய்வாளர் எட்வர்ட் லூயிட் அதை நேரில் பார்த்து எழுதிவைத்தார். முறையான அகழாய்வை 1962 முதல் 1975 வரை நடத்தியவர் தொல்லியலாளர் எம். ஜே. ஓ'கெல்லி. உள்ளே வெயில் விழும் என்று அக்கம்பக்கத்தார் வழிவழியாகச் சொல்லிவந்ததை அவர் 1967 டிசம்பர் 21 அன்று அறைக்குள் காத்திருந்து உறுதிசெய்தார். ஊர்ப்பேச்சை ஒதுக்காமல் சோதித்துப் பார்த்தது அவரது பெருமை.

அவர் மேற்பார்வையில் கான்கிரீட் தாங்குசுவருடன் எழுப்பப்பட்ட செங்குத்தான வெண்முகப்பு இன்னும் சர்ச்சைக்குரியது. அக்கற்கள் சுவராக நிற்கவில்லை, வாயில்முன் தளமாகப் பரப்பப்பட்டிருந்தன என்பாரும் உண்டு. அருகிலுள்ள நௌத், டௌத் கல்லறைகளுடன் இது 1993இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. இங்கு கிடைத்த ஓர் ஆணின் எலும்பை ஆராய்ந்த மரபணு அறிஞர்கள், அவனுடைய பெற்றோர் மிக நெருங்கிய இரத்த உறவினர் என்று 2020இல் அறிவித்தனர். இதைக் கொண்டு, இங்கே ஓர் ஆளும் குலம் இருந்திருக்கலாம் என அவர்கள் கருதுகின்றனர்.