நெற்றிச் சைனஸ் வழி ஆளடையாளம்

புருவங்களுக்கு மேல், நெற்றி எலும்புக்குள் அமைந்த காற்றறைகளின் வடிவத்தைக் கொண்டு இறந்தவரை இனங்காணும் தடய அறிவியல் முறை. குழந்தைப் பருவத்தில் வளரத் தொடங்கும் இவ்வறைகள் ஏறத்தாழ 20 வயதில் நிலைபெறுகின்றன. அவற்றின் அளவும், மேல்விளிம்பின் வளைவுகளும், இடைச்சுவர்களும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே கருவில் தோன்றிய இரட்டையரிடமும் வேறுபடும். 1921இல் ஆர்தர் ஷூலர் இதன் பயனைச் சுட்டினார். 1927இல் கல்பர்ட்டும் லாவும் எக்ஸ்ரே ஒப்பீட்டால் ஒருவரை அடையாளம் கண்டதை வெளியிட்டனர். உயிருடன் இருந்தபோது எடுத்த எக்ஸ்ரே அல்லது சி.டி. படத்தை, மண்டையோட்டை அதே கோணத்தில் வைத்து எடுத்த படத்துடன் ஒப்பிடுவர். உடல் எரிந்தோ அழுகியோ கைரேகை கிடைக்காதபோது இம்முறை கைகொடுக்கும். பழைய படம் இல்லையெனில் ஒப்பீட்டுக்கு வழியில்லை. சிலருக்கு இவ்வறைகள் உருவாவதே இல்லை. காயமும் அறுவைச் சிகிச்சையும் வடிவத்தை மாற்றக்கூடும்.