வருசத்துக்கு ஒரு நாள் திறக்கும் காடு

சித்திரை பொறந்துட்டா எங்க கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கேள்வி தவறாமல் காதில் விழும். டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, கல்யாண வீட்டுப் பந்தி என்று எங்கே போனாலும் அதே கேள்விதான். "இந்த வருசம் மேலே எத்தனை மணிக்கு விடுறாங்களாம்?" 'மேலே' என்றால் எங்க ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான். மங்கலதேவி கண்ணகி கோயில்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் பக்கம் போனால், மலையடிவாரத்தில் பளியன்குடி என்று பளியர் மக்களின் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அங்கிருந்து ஆறரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, செங்குத்தான ஒற்றையடிப் பாதை. ஏறினால் தமிழ்நாடு கேரள எல்லையில், கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேலே, இடிந்து கிடக்கும் ஒரு கற்கோயில். குமுளியிலிருந்து ஜீப்பில் போகவும் வழி உண்டு, அது இதைப்போல ரெண்டு மடங்கு தூரம். ஆனால் அந்த வழி முழுக்கப் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள்ளே போகிறது. அதனால் சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் அனுமதி. மீதி 364 நாளும் யானைக்கும் காட்டெருமைக்கும்தான்.

1963-ல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி மதுரையை விட்டுப் போன வழியைத் தேடிக்கொண்டு வந்து, சேரன் செங்குட்டுவன் எடுத்த கண்ணகி கோட்டம் இதுதான் என்று சொன்னார். அதுக்கப்புறம்தான் தமிழ்நாடு முழுக்க இந்த இடம் தெரிய வந்தது. கோயில் யாருக்குச் சொந்தம், எல்லை எங்கே ஓடுகிறது என்ற சண்டையெல்லாம் தனிக் கதை. அதுக்குள்ளே இன்றைக்குப் போகவில்லை. நான் எழுத வந்தது வேறு விஷயம். காட்டுக்குள் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பேர் நடந்தால் என்ன ஆகும்? எங்க மலைகள் இந்தக் கேள்விக்கு ஏற்கனவே பதில் சொல்லியிருக்கின்றன. சில பதில்களுக்கு ரொம்பப் பெரிய விலை கொடுத்தோம்.

முதலில் ஒன்று. இந்தக் காட்டில் மனுசன் கால் படாமலே இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. குமுளி, கம்பம் மெட்டு, தேவாரம் மெட்டு, போடி மெட்டு என்று இந்தப் பக்கத்து மலை முழுக்க வழிகள்தான். கீழேயிருந்து அரிசி மேலே போகும், மேலேயிருந்து ஏலமும் மிளகும் கீழே வரும். பெரியாறு அணை கட்டினபோது (1887-ல் ஆரம்பித்து 1895-ல் தண்ணீர் திறந்துவிட்டார்கள்) பென்னிகுயிக்கின் ஆட்கள் கூட்டம் கூட்டமாக இந்த மலையேறிப் போய் வேலை பார்த்தார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் செத்தவர்கள் ஏராளம். மூணாறு தேயிலை கீழே இறங்கினதும் எங்க பக்கம்தான். குண்டளை வேலி ரயில் என்று 1902-ல் ஆரம்பித்து, 1908-ல் சின்ன ரயிலாக மாற்றி, டாப் ஸ்டேஷன் வரைக்கும் சரக்கு கொண்டு வருவார்கள். அங்கிருந்து ரோப்வேயில் கீழே குரங்கணிப் பக்கம் கொட்டகுடிக்கு இறக்குவார்கள். 1924 வெள்ளத்தில் ரயில் அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன் என்ற பேர் மட்டும் நின்றுவிட்டது.

ஆக, வழி இருந்தது, ஆளும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனவர்கள். அந்த வழியைத் தெரிந்தவர்கள். எந்த மாசம் புல் காயும், எந்த ஓடையில் தண்ணீர் நிற்கும், எங்கே யானை இறங்கும் என்று தெரிந்து நடந்தவர்கள். கூட்டம் என்ற பிரச்சினை வந்தது, வழி தெரியாதவர்கள் எல்லோரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வர ஆரம்பித்த பிறகுதான்.

இன்னொரு பக்கம் காட்டுக்கும் சட்டம் வந்தது. 1934-ல் திருவிதாங்கூர் அரசு நெல்லிக்காம்பட்டி வேட்டைக் காப்பகம் என்று ஒன்றை அறிவித்தது. 1950-ல் அது பெரியாறு சரணாலயம், 1978-ல் புலிகள் காப்பகம். 1982-ல் நடுக்காட்டைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். ஒரு பக்கம் பக்தர்கள் கூடக் கூட, இன்னொரு பக்கம் கதவு இறுகிக்கொண்டே வந்தது. ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது பாதை.

இப்போ 2011-க்கு வருவோம். ஜனவரி 14, மகரவிளக்கு. சபரிமலைக்குத் தேனி, கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு வழியாகப் போகிற சாமிமார்களை எங்க ஊர் ரோட்டில் கார்த்திகை பிறந்ததும் பார்க்கலாம். அவர்களில் நிறையப் பேர் ஜோதி பார்க்க நிற்கிற இடம் புல்மேடு. அன்றைக்கு ஜோதி தெரிந்து முடிந்து, திரும்பி வருகிறபோது, இரவு எட்டு மணி வாக்கில், உப்புப்பாறை பக்கம் நெரிசல். இருட்டு, குறுகின வழி, வண்டிகள், பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வருகிற ஜனம். 102 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திராவிலிருந்து வந்தவர்கள். அதற்குச் சரியாகப் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால், 1999-ல், இதே ஜனவரி 14-ல் பம்பையில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இதேபோல நெரிசலில் போயிருந்தார்கள். தேதியும் அதே, காரணமும் அதே.

காரணம் என்ன? "கூட்டம் ஜாஸ்தி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. கூட்டம் எண்ணிக்கையால் மட்டும் கொல்வதில்லை, நேரத்தால் கொல்கிறது. ஏறும்போது ஜனம் காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது. ஜோதி ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷம் முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வீடு ஞாபகம் வருகிறது! நாள் முழுக்க ஏறின கூட்டம் ஒரு மணி நேரத்தில் இறங்கப் பார்க்கிறது. அதுவும் இருட்டில்.

இதைக் கண்ணகி கோயில் பாதையில் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதை 6,600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு மீட்டருக்கு ஒருத்தர் என்று வரிசையாக நின்றாலே, 3,300 பேரில் பாதை அடிவாரத்திலிருந்து உச்சி வரை நிரம்பிவிடும். ஒரு குறுகின இடத்தை ஒருத்தர் தாண்ட ரெண்டு செகண்டு என்றால், மணிக்கு 1,800 பேர். பத்தாயிரம் பேர் அந்த இடத்தைத் தாண்ட அஞ்சரை மணி நேரம் வேணும். அதாவது மாலை ஆறு மணிக்கு வெளிச்சம் போகும் முன் எல்லோரும் இறங்கியாக வேண்டும் என்றால், மதியத்துக்கே இறங்க ஆரம்பிக்க வேண்டும். "ரெண்டு மணிக்கு மேலே ஏற விடமாட்டேங்கிறான் சார், என்ன அநியாயம்" என்று கேட்டில் நின்று சத்தம் போடுகிறவர்களை ஒவ்வொரு வருசமும் பார்க்கிறேன். அந்த நேரக்கட்டுப்பாட்டுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான்.

உண்மையைச் சொன்னால், சித்ரா பௌர்ணமி ஏற்பாடு எனக்குப் பிடித்த ஏற்பாடு. தேனி, இடுக்கி ரெண்டு மாவட்ட நிர்வாகமும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுகிறார்கள். (அணை விஷயத்தில் முறைத்துக்கொள்கிற ரெண்டு அரசுகள் இந்த ஒரு விஷயத்துக்கு ஒரே மேஜையில் உட்காருவதே ஒரு அதிசயம்தான்.) ஜீப்புகளைச் சோதித்துத்தான் மேலே விடுகிறார்கள். பிளாஸ்டிக் பை, சின்னத் தண்ணீர் பாட்டில் எல்லாம் கீழேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். முக்கியமாக, அங்கே ஜோதி மாதிரி ஒரே நொடியில் நடக்கும் காட்சி எதுவும் கிடையாது. காலையிலிருந்து பூஜை நடந்துகொண்டே இருக்கிறது. வருகிறவன் கும்பிட்டு, அன்னதானம் சாப்பிட்டு, அவன் பாட்டுக்கு இறங்குகிறான். நான் பளியன்குடி வழியாகப் பல தடவை ஏறியிருக்கிறேன். சித்திரை வெயிலில் முட்டி கழன்றுவிடும், எதிரே இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டுப் புல்லில் ஒதுங்கி நிற்க வேண்டும், ஆனால் மூச்சு முட்டுகிற நெரிசலைப் பார்த்ததில்லை.

கொரோனா காரணமாக 2020-லும் 2021-லும் யாரையும் விடவில்லை. 2022-ல் மறுபடி திறந்தபோது, ரெண்டு வருசம் ஆள் நடக்காத பாதை எப்படிப் புல் மூடிப் போகும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. காடு ரொம்பச் சீக்கிரம் தன் இடத்தை எடுத்துக்கொள்கிறது.

அடுத்து குரங்கணி. இதை எழுதவே மனசு வரவில்லை, ஆனால் எழுதாமல் விட முடியாது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த ரெண்டு குழுக்கள், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் நாற்பது பேர்கூட இல்லை. காய்ந்த புல்லில் தீ, மேல்நோக்கி வீசும் காற்று. கடைசியில் 23 பேர் இறந்தார்கள், அதில் பாதிக்கு மேல் இளவட்டங்கள். முதலில் மேலே ஓடினது குரங்கணி ஊர்க்காரர்கள்தான். இருட்டில் துணியில் தூளி கட்டித் தூக்கி இறக்கினார்கள்.

நாற்பது பேர் ஒரு கூட்டமா? இல்லை. ஆனால் மார்ச் மாசம் புல் காய்ந்திருக்கும்போது அந்தச் சரிவில் இறங்கக் கூடாது என்பது அந்த மலையில் மாடு மேய்க்கிற யாருக்கும் தெரியும். அந்த அறிவு கூட நடக்கவில்லை என்றால் நாலு பேர் போனாலும் ஆபத்துதான். அதற்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு 2018-லேயே விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, ஆன்லைனில் பதிவு, உள்ளூர் வழிகாட்டி கட்டாயம் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். எங்க தேனி மாவட்டத்துப் பாதைகளும் அதில் உண்டு. சரியான திசைதான்.

இதைத் தேக்கடியில் கால் நூற்றாண்டுக்கு முன்னாலேயே செய்து காட்டினார்கள். காட்டுக்குள் புகுந்து வயணா மரப்பட்டை உரித்துக் கடத்தினவர்களை 1990-களின் கடைசியில் கூப்பிட்டு, வழக்குகளுக்கு ஒரு வழி செய்து, "இனி நீங்களே காவல், நீங்களே வழிகாட்டி" என்று சொன்னார்கள். டைகர் டிரெயில் என்று பேர். வருகிறவர்கள் ஆறு பேருக்கு மேல் கிடையாது. கூட அஞ்சு வழிகாட்டி, துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். ஆறு பேருக்கு ஆறு பேர்! கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சந்தில் புகுந்து திருடினவனுக்குத்தானே எல்லாச் சந்தும் தெரியும்?

வெளிநாட்டிலும் இதே தலைவலிதான். அமெரிக்காவில் யோசெமிட்டி பூங்காவில் ஹாஃப் டோம் என்று ஒரு மொட்டைப் பாறை. 1919-ல் இரும்புக் கம்பி கட்டி ஏற வழி செய்தார்கள். கூட்டம் கம்பியில் தொங்க ஆரம்பித்ததும் 2010-லிருந்து அனுமதிச் சீட்டு, குலுக்கல். இப்போது ஒரு நாளைக்குச் சுமார் 300 பேர்தான். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு, குலுக்கலில் பேர் வராவிட்டால் அடுத்த வருசம் பார்க்கலாம். நமக்குச் சாமி. கண்ணகியைக் கும்பிடக் குலுக்கல் சீட்டு எடு என்று ஒரு கிழவியிடம் சொல்ல முடியுமா? இங்கேதான் அவர்கள் விடையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாமல் போகிறது.

"ஒரு நாள் போதாது, மூணு நாள் திறக்கணும், பளியன்குடியிலிருந்து ரோடு போடணும்" என்ற கோரிக்கை எங்க ஊரில் பல வருசமாக இருக்கிறது. நம்ம கோயிலுக்கு நாம் அடுத்த மாநிலத்து ஜீப்பில் போக வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரம் எனக்கும் உண்டு. ஆனால் ரோடு வந்தால் ஒரு நாள் பத்து நாளாகும், பத்து நாள் வருசம் முழுக்க ஆகும். ஜீப் போகும் இடத்தில் கடை வரும். அப்புறம் அது கண்ணகி பார்த்த மலையாக இருக்காது.

என் கோரிக்கை வேறு. ரோடு வேண்டாம், பாதையைச் சரி செய்யுங்கள். வழுக்குகிற இடத்தில் படி வெட்டுங்கள். ரெண்டு மூணு இடத்தில் நிழலும் தண்ணீரும் முதலுதவியும் வையுங்கள். சத்திரம் வழியாகப் புல்மேடு போகிறவர்களை இப்போது எண்ணி உள்ளே விட்டு, மறுமுனையில் சரிபார்க்கிறார்களே, அதேபோல இங்கேயும் ஏறினவர்களை எண்ணுங்கள், இறங்கினவர்களையும் எண்ணுங்கள். அந்த ஒரு நாளைக்கு வழிகாட்டும் வேலையைப் பளியர்களுக்குச் சம்பளத்தோடு கொடுங்கள். பாதையின் பேரிலேயே அவர்கள் இருக்கிறார்கள். ஏற்பாட்டில்தான் ஓரமாக நிற்கிறார்கள்.

வேங்கை மரத்தடியில் கண்ணகி தனியாக நின்றதை முதலில் பார்த்தவர்கள் குன்றக்குறவர்கள் என்கிறது சிலப்பதிகாரம். வழி தப்பி வந்தவளை யார் என்று விசாரித்தவர்களும் அவர்கள்தான். ஆயிரக்கணக்கில் வழி தெரியாமல் வருகிற நம்மையும் விசாரித்து, எண்ணி, பத்திரமாக இறக்கிவிட மலைக்காரர்கள் வேண்டும். அடுத்த சித்ரா பௌர்ணமிக்கு வருகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு மேல் அங்கே நிற்காதீர்கள். நீங்கள் இறங்கினால்தான் பின்னால் வருகிறவருக்கு வழி.