ஹோட்டலில் சாப்பிட எத்தனை மொழி தெரிய வேண்டும்?

பால்டிக் கடலோரத்தில் லிதுவேனியா என்று ஒரு குட்டி நாடு இருக்கிறது. மொத்த ஜனத்தொகையே 30 லட்சத்துக்கும் குறைவு. நம் சென்னை அதைவிடப் பெரிசு. அந்த ஊர் மொழியில் 'நன்றி' சொல்ல வேண்டுமென்றால் 'ஆச்சூ' என்று சொல்ல வேண்டும். மயிலாப்பூர் மாமா ஒருவர் வில்னியஸ் நகரத்து ஹோட்டலில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் சர்வரிடம் "ஆச்சு" என்று கையைக் காட்டினால் போதும். எவ்வளவு மரியாதையான மனிதர் என்று அவர் நினைத்துக்கொள்வார்!

எந்த மொழியைக் கற்றுக்கொடுக்கும் புத்தகத்தை எடுத்தாலும், வணக்கத்துக்கும் பெயர் கேட்பதற்கும் அப்புறம் ஹோட்டல் பாடம் வந்துவிடும். 'தண்ணீர் வேண்டும்', 'இது என்ன விலை', 'பில் கொண்டு வாருங்கள்'. வெளிநாடு போனால் சாப்பிடுகிறவன்தான் மொழி கற்றுக்கொள்ள வேண்டும் என்பது இந்தப் பாடத்தின் கணக்கு. சென்னை ஹோட்டல்களின் சரித்திரத்தைப் பார்த்தால் கணக்கு நேர் தலைகீழ். இங்கே எப்போதும் பரிமாறுகிறவர்தான் மொழி கற்றுக்கொண்டிருக்கிறார்.

முதலில் ஒரு சின்ன சோதனை. தி.நகரில் ஏதாவது ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து, "ஒரு சாதா, ஒரு மசால் ரோஸ்ட், ஒரு காபி, அப்புறம் பில்" என்று சொல்லிப் பாருங்கள். சாதா பாரசீகத்திலிருந்து வந்தது. மசாலாவுக்கு மூலம் அரபி. ரோஸ்ட் இங்கிலீஷ். காபி அரபியில் கிளம்பி ஊரெல்லாம் சுற்றி இங்கிலீஷ் வழியாக வந்தது. பில்லும் இங்கிலீஷ். 'ஒரு'வும் 'அப்புறம்' என்பதும்தான் நம் சொந்தச் சரக்கு. ஒரே ஒரு சாப்பாட்டைக்கூட 'மீல்ஸ்' என்று பன்மையில் கேட்கிற ஊர் இது. வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் மதிய உணவுக்கு வைத்திருந்த 'டிபன்' என்ற வார்த்தையை வாங்கி, இட்லி தோசைக்கு வைத்துக்கொண்டவர்களும் நாம்தான்.

இந்த வார்த்தைகளெல்லாம் சும்மா வரவில்லை. ஆட்களோடு வந்தன. அதில் முக்கியமானவர்கள் உடுப்பிக்காரர்கள்.

உடுப்பி இன்றைக்குக் கர்நாடகம். ஆனால் 1956 வரை அது தென் கன்னட மாவட்டத்தில், அதாவது சென்னை மாகாணத்துக்குள்ளேயே இருந்தது. அந்த ஊர்ப் பையனுக்கு மெட்ராஸ் அயல் மாநிலம் அல்ல, சொந்த மாகாணத்தின் தலைநகரம். ஆனால் மொழி வேறு. அவர்களில் பலருக்கு வீட்டில் துளு, பள்ளிக்கூடத்தில் கன்னடம். மெட்ராஸில் பிழைக்கத் தமிழ். மூன்றாவது மொழியை அவர்கள் கற்றுக்கொண்டது எச்சில் இலை எடுத்துக்கொண்டும் மாவு ஆட்டிக்கொண்டும்தான். அவர்களுக்கு எந்தப் புத்தகமும் 'ஹோட்டலில்' என்று பாடம் நடத்தவில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவர் கே. கிருஷ்ணராவ். தென் கன்னடத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, ஹோட்டல்களில் எடுபிடி வேலை பார்த்து வளர்ந்தவர். 1938ல் ராயப்பேட்டையில் ஒரு பழைய மாளிகையை எடுத்து உட்லண்ட்ஸ் ஹோட்டலை ஆரம்பித்தார். அப்புறம் மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், இப்போதைய ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ். 1962ல் கதீட்ரல் ரோட்டில் டிரைவ் இன். காரை விட்டு இறங்காமலே தோசை சாப்பிடலாம் என்பது அந்தக் காலத்து மெட்ராஸுக்குப் பெரிய அதிசயம்.

இவர்கள் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன வார்த்தைகளைப் பாருங்கள். 'பிஸிபேளாபாத்' கன்னடம். பிஸி என்றால் சூடு, பேளே என்றால் பருப்பு. சூடான பருப்புச் சோறு, அவ்வளவுதான் அர்த்தம். நம் 'கோசுமல்லி' கன்னடத்துக் 'கோசம்பரி'யின் சொந்தக்காரி. மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸில் வரும் 'ராயர்' மாத்வர்களைக் குறிக்கிற பெயர். பாண்டி பஜார் பக்கம் ஆந்திரா மெஸ்ஸுக்குப் போனால் பப்பு, கோங்குரா என்று தெலுங்கு ஆரம்பமாகிவிடும். 1953ல் ஆந்திரா பிரிந்தது, 1956ல் தென் கன்னடமும் போனது. அவர்கள் சமையல் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

கவனியுங்கள், நாம் கற்றுக்கொண்டது பதார்த்தங்களின் பெயரை மட்டும்தான். பரிமாறுகிறவரிடம் பேச ஒரு வார்த்தைகூடக் கற்றுக்கொள்ளவில்லை. அவர் நம்மிடம் தமிழில் பேசினார். பேசியே ஆகவேண்டும். அவருக்கு அது பிழைப்பு, நமக்கு அது வசதி.

ஹோட்டல் மொழியில் கசப்பான வார்த்தைகளும் உண்டு. பலகையில் இருக்கும் ஒரு சொல் உள்ளே என்ன கிடைக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை, யாருடைய இடம் என்பதையும் சொன்னது. 'மிலிட்டரி ஹோட்டல்' என்றால் கறி கிடைக்கும். 'பிராமணாள் ஹோட்டல்' என்றால்? சமையல் சுத்த சைவம் என்று ஒரு சாரார் படித்தார்கள். உன்னைவிட நான் உசத்தி என்று எழுதியிருப்பதாக இன்னொரு சாரார் படித்தார்கள். அந்தக் காலத்தில் பல இடங்களில் உட்காரும் இடமே ஜாதிவாரியாகத் தனித்தனி என்பதை நினைத்தால், இரண்டாவது சாராருக்கு ஏன் கோபம் வந்தது என்று புரியும். 1957ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் திராவிடர் கழகத்தார் அந்த ஒரு வார்த்தையை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். கடைசியில் வார்த்தை போனது. ஹோட்டல் பலகையில் ஒரு சொல்லுக்காக இவ்வளவு பேர் ஜெயிலுக்குப் போன ஊரில், 'சாப்பாட்டு மொழி' விளையாட்டு விஷயம் இல்லை.

1964ல் 'சர்வர் சுந்தரம்' படம் வந்தது. பரிமாறுகிறவனைக் கதாநாயகனாக வைத்த படம். அதில் சர்வராக நடித்த நாகேஷுக்குத் தாய்மொழி கன்னடம்! படத்துக்குப் பொருத்தமாக அமைந்த தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஆட்கள் மாறினார்கள். 1981ல் கே.கே.நகரில் சரவண பவன் தொடங்கிய சமயத்திலிருந்து தென் மாவட்டத்துக் கிராமத்துப் பையன்கள் அதிகமாகச் சர்வர் வேலைக்கு வந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு அடையாறிலோ தி.நகரிலோ ஹோட்டலுக்குப் போனால், தண்ணீர் வைக்கிற தம்பி ஒடிசாவாக இருக்கலாம், பீகார், அசாம், மணிப்பூர், நேபாளமாகவும் இருக்கலாம். "அண்ணா, இன்னும் ஒரு சாம்பார்?" என்று கேட்கிற அளவு தமிழை அவர் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார். உடுப்பிப் பையன் செய்த அதே வேலை.

நாம் என்ன செய்கிறோம்? அவரைப் பார்த்ததும் தெரிந்த அரைகுறை இந்தியில் கத்துகிறோம். ஒடிசாக்காரருக்குத் தாய்மொழி ஒடியா, அசாம்காரருக்கு அசாமியா, நேபாளத்துக்காரருக்குப் பெரும்பாலும் நேபாளி, மணிப்பூர்க்காரருக்குப் பெரும்பாலும் மெய்தெய். இந்தி அவர்களுக்கும் கற்றுக்கொண்ட மொழிதான். 1965ல் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்ற ஊர்க்காரர்கள், எதிரே நிற்பவருக்கு அதே இந்தியை மாட்டிவிடுவது வேடிக்கையாக இல்லையா?

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே இங்கே வந்து விசாரித்தது. வதந்தி பொய்தான். ஆனால் அதைக் கேட்டுப் பயந்தவர்களின் பயம் நிஜம். தினமும் நமக்குச் சட்னி ஊற்றுகிற ஒருவருக்கு, நம் ஊரில் பேசிப் பழகிய நாலு மனிதர்கள் இருந்திருந்தால் அந்தப் பயம் கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உட்லண்ட்ஸ் டிரைவ் இன் 2008ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2010ல் செம்மொழிப் பூங்கா வந்தது. துளு நாட்டிலிருந்து வந்தவர்கள் தமிழ் கற்றுக்கொண்டு காபி கொடுத்த இடத்துக்குத் தமிழின் பெயர். எனக்கு இதில் வருத்தம் இல்லை. தமிழை மதிக்கிறோம் என்றால், அதைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டவர்களையும் சேர்த்து மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் நண்பர்களே, நம் ஹோட்டல் பாடத்தை ஒரே ஒரு வாக்கியத்தோடு ஆரம்பிக்கலாம். கன்னடத்தில் 'ஊட்டா ஆயித்தா?' துளுவில் 'ஒணஸ் ஆண்டா?' நேபாளியில் 'கானா கானு பயோ?' எல்லாவற்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: சாப்பாடு ஆச்சா? மதியக் கூட்டம் அடங்கின பிறகுதான் சர்வர்களுக்குச் சாப்பாடு. நாள் முழுக்க நம்மைப் பார்த்து வேறென்ன வேணும் என்று கேட்கிறவரிடம், திருப்பி யாராவது இதைக் கேட்டால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். அவர் மொழி தெரியாவிட்டால் தமிழிலேயே கேளுங்கள். நிச்சயம் புரிந்துகொள்வார்.

உங்கள் தெரு ஹோட்டலில் எந்த எந்த ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள்? அவர்கள் மொழியில் இதை எப்படிக் கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பட்டியலைப் பெரிசாக்குவோம்.