தாசில்தாரிடமே போய்ச் சொல்



'உண்மையை வரவழைப்பது அதட்டலா? ஆறுதலா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர், "ரெண்டு தட்டு தட்டினா உண்மை தானா வரும்யா" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். தட்டினால் வரும் ஐயா, நான் இல்லேன்னு சொல்லல. வருவது உண்மைதானா என்பதுதான் கேள்வி. அப்படித் தட்டிப் பார்த்த ஒரு ராஜ்யத்தின் கதையைச் சொல்கிறேன். நம்ம சென்னையில் நடந்த கதை.

1854ஆம் வருஷம். கம்பெனி ஆட்சி. நிலவரி கட்டாத குடியானவனைச் சித்திரவதை செய்து வசூல் பண்ணுகிறார்கள் என்று லண்டன் பார்லிமெண்டில் ஜூலை மாதம் பேச்சு எழுந்தது. அதெல்லாம் இல்லவே இல்லை என்று அடித்துப் பேசியவர்களும் உண்டு. சரி, விசாரித்துப் பார்த்துவிடுவோம் என்று சென்னையில் மூன்று பேர் கமிஷன் போட்டார்கள். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன். மூவரும் வெள்ளைக்காரர்கள். இதில் நார்ட்டன் பாரிஸ்டர்; கம்பெனி ஆட்சியை ஏற்கெனவே வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தவர்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. ஒரு ஏழைக் குடியானவன். இத்தனை வருஷமா வாயைத் திறக்காதவன். அவனை எப்படிப் பேச வைப்பீர்கள்?

அவன் ஏன் பேசவில்லை என்பதை முதலில் பார்க்கணும். 1816இல் வந்த ஒரு ரெகுலேஷன்படி வரி வசூலிப்பவரும் தாசில்தார். அந்த ஊருக்குப் போலீஸ் தலைவரும் அதே தாசில்தார். கிஸ்தி பாக்கிக்காக விரல்களை இரண்டு கட்டைக்கு நடுவில் வைத்து நெரிப்பார்கள். அதற்குப் பெயர் 'கிட்டி'. குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவார்கள். முதுகில் கல்லைத் தூக்கி வைப்பார்கள். குழந்தைகள் கேட்டுக்கொண்டிருப்பதால் மீதியை விட்டுவிடுகிறேன். அடிபட்டவன் கலெக்டருக்கு மனு எழுதிப் போட்டால் என்ன ஆகும்? மனு அப்படியே திரும்பி வரும், 'தாசில்தாரிடம் முறையிடவும்' என்று அதிலேயே எழுதி! (சிரிப்பு) சிரிக்கிறீங்க. அவன் சிரிச்சிருக்க மாட்டான். யார் அடித்தாரோ அவரிடமே போய், "ஐயா, என்னை ஒருத்தர் அடிச்சிட்டாருங்க" என்று சொல்லணுமாம்.

அதனாலே, வாய் மூடிக் கிடந்தவனுக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. கேட்கிற ஆள்தான் சரியில்லை.

கமிஷன் என்ன செய்தது? பெரிய ஆறுதல்கூட இல்லை. நஷ்டஈடு தருகிறோம் என்று ஆசை காட்டவில்லை. குறை இருந்தால் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பு விட்டது. அவ்வளவுதான். நேரில் வந்தவர்கள் 519 பேர். கடிதத்தில் வந்த புகார் 1,440. சென்னையிலே ரயில் ஓட ஆரம்பித்ததே 1856இல்தான். ஆகவே வந்தவன் நடந்து வந்தான், இல்லை வண்டி கட்டிக்கொண்டு வந்தான். வயல் வேலையை விட்டுவிட்டு, கையில் கட்டுச்சோற்றோடு, திரும்பிப் போனால் அதே தாசில்தார் காத்திருப்பார் என்று தெரிந்தே வந்தான். பொய் சொல்லி என்ன லாபம் அவனுக்கு? நம்ம வீட்டிலே முறுக்கைத் தின்னது யாருன்னு கேட்டா, பொய் சொல்ற பிள்ளைக்கு இன்னொரு முறுக்காவது மிஞ்சும். இவனுக்கு அதுவும் இல்லை.

இதற்காக 1,959 பேரும் அரிச்சந்திரர்கள் என்று நான் சொல்ல வரல. பக்கத்து வீட்டுப் பகையைத் தீர்த்துக்கொள்ள வந்தவனும் கூட்டத்தில் இருந்திருப்பான். அப்போ எப்படிப் பிரிப்பது? முகத்தைப் பார்த்தா? கண் கலங்கினால் உண்மை, தடுமாறினால் பொய் என்றா? பயந்தவன் உண்மை சொல்லும்போதும் தடுமாறத்தான் செய்வான். தேர்ந்த பொய்யன் தடுமாறவே மாட்டான். நம்ம மேடைப் பேச்சாளன் மாதிரி. (சிரிப்பு, கைதட்டல்)

ஒத்துப் பார்க்கணும் ஐயா. தமிழ் பேசுகிறவன், தெலுங்கு பேசுகிறவன், ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்திராதவன், எல்லாருமே ஒரே மாதிரி கட்டையை, ஒரே மாதிரி கட்டிப்போடுகிற முறையைச் சொன்னால், இவர்கள் எந்தத் திண்ணையில் கூடிச் சதி பண்ணியிருக்க முடியும்? அதோடு அதிகாரிகளிடமும் எழுதிக் கேட்டார்கள். அவர்களில் பலர் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். 1855இல் அறிக்கை வந்தது: சித்திரவதை உண்மை. அதைவிட மனசை உறுத்தியது, பாதிக்கப்பட்டவனுக்கு முறையிட ஓர் இடம் இல்லாததுதான் என்றும் எழுதினார்கள்.

ஆனால் அந்த அறிக்கையை நான் முழுசாகக் கொண்டாட மாட்டேன். பழி அத்தனையும் சுதேசி உத்தியோகஸ்தர் தலையில் இறங்கியது. வெள்ளைக்காரக் கலெக்டர் தப்பித்துக்கொண்டார். வசூல் குறையக்கூடாது என்று தாசில்தாரை விரட்டியது யார்? மனுவைத் திருப்பி அனுப்பியது யார் கை? கேட்டவர்களும் அதே ஜாதி என்பதால் அந்தக் கேள்வி கொஞ்சம் மெதுவாகக் கேட்கப்பட்டது. 1857இல் கார்ல் மார்க்ஸ் ஒரு நியூயார்க் பத்திரிகையில் இந்த விசாரணையைப் பற்றி எழுதினார். சென்னைக் குடியானவன் விரலில் பட்ட அடி அத்தனை தூரம் கேட்டிருக்கிறது.

பிறகு 1859இல் சென்னைக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. தாசில்தாரிடமிருந்து போலீஸ் பிரிந்தது. போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக வைக்கக்கூடாது என்று 1861இல் எழுதி, 1872 சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக வைத்தார்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. "நகையை இந்த இடத்தில் புதைச்சேன்" என்கிறான். தோண்டினால் நகை இருக்கிறது. அந்த அளவுக்கு மட்டும் அவன் பேச்சு செல்லும். கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டினாளே, மாணிக்கம் தெறித்ததே, அந்த மாதிரி. ஆனால் இந்தச் சின்ன வாசல் வழியாகக் கிட்டி மறுபடியும் தலையை நீட்டுகிறது என்பது என் அபிப்பிராயம். தோண்டுகிற இடத்தைச் சொல்ல வைக்கவும் அடிக்கலாமே?

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதுச் சட்டம் இயற்றி, 2024 ஜூலையில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். 25ஆம் பிரிவு இப்போது 23 ஆகிவிட்டது. பேரு மாறிப்போச்சு, நம்பர் மாறிப்போச்சு. போலீஸ்காரரிடம் சொன்ன வாக்குமூலம் செல்லாது என்கிற அந்த விதி மட்டும் மாறல. ரெண்டு தட்டு தட்டச் சொன்ன என் நண்பர் அதை ஒருமுறை படித்துவிட்டு வந்து பதில் சொல்லட்டும். நடுவர் மணியைத் தொட்டுவிட்டார்.