உள்ளது உள்ளபடி: ஜப்பானியப் பள்ளிகளில் கட்டுரைப் பாடம்

ஜப்பானிய ஆரம்பப் பள்ளிகளில் வாசிப்பு, கையெழுத்து, கட்டுரை ஆகிய மூன்றும் 1900ஆம் ஆண்டில் ஒரே மொழிப்பாடமாக இணைக்கப்பட்டபோது, கட்டுரைப் பகுதிக்குச் 'சுசுரிகத்தா' என்னும் பெயர் வழங்கலாயிற்று. சொற்களைக் கோத்து எழுதும் முறை என்பது அதன் பொருள். ஆயினும் ஆசிரியர் தலைப்பைத் தந்து, மாதிரி வாசகத்தையும் காட்டி, அதனையொட்டி எழுதச் சொல்வதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தமையால், பிள்ளைகள் பழகியது பெரியவர்களின் கடித நடையே அன்றித் தம் பேச்சு அன்று.

தலைப்பை மாணவரே தேர்ந்துகொள்ளலாம் என்று அஷிதா எனோசுகே என்னும் ஆசிரியர் 1910களில் வலியுறுத்தியது இவ்வழக்கில் விழுந்த முதல் விரிசல் எனலாம். 1918இல் சுசுகி மியேகிச்சி தொடங்கிய 'அகாய் தோரி' (சிவப்புப் பறவை) என்னும் சிறுவர் இதழ் அதனை மேலும் அகலப்படுத்தியது. நாவலாசிரியரான சுசுகி, நாடெங்கிலுமிருந்து வந்த பிள்ளைகளின் கட்டுரைகளைத் தாமே தேர்ந்து, அலங்காரத்தைக் களைந்து, கண்டதையும் கேட்டதையும் 'அரி நோ மாமா', அதாவது உள்ளது உள்ளபடி, எழுதுவதையே பாராட்டினார். உள்ளதை எழுதினால் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வர் என்பது அவ்விதழ் பெரிதும் எண்ணிப் பாராத கேள்வி.

அக்கேள்விக்கு விடை தேட நேர்ந்தவள் தோயோதா மசாகோ என்னும் சிறுமி. 1922இல் பிறந்து, டோக்கியோவின் கிழக்குப் பகுதியில் வளர்ந்த அவள், தகரவேலை செய்து பிழைத்த ஓர் ஏழைக் குடும்பத்தின் மகள். வீட்டில் அரிசி தீர்ந்ததையும், தந்தைக்கு வேலை கிடைக்காத நாள்களையும், பெற்றோரின் சச்சரவையும் அவரவர் வாய்மொழியிலேயே எழுதினாள். முயல் ஒன்றைப் பற்றிய கட்டுரையில், அண்டை வீட்டுப் பெண் மற்றொரு குடும்பத்தைப் பற்றிச் சொன்ன புறஞ்சொல்லையும் கேட்டவாறே சேர்த்திருந்தாள். அது 'அகாய் தோரி'யில் அச்சேறியதும், அக்குடும்பத்தை அண்டிப் பிழைத்த தந்தையின் தொழிலுக்கே ஆபத்து வந்தது. தன் குரலைக் கண்டெடுத்த குழந்தை, அக்குரலில் மற்றவர் குரல்களும் கலந்திருப்பதை இவ்வாறுதான் அறிந்துகொண்டது. அவளுடைய கட்டுரைகளைக் கொண்டு 1937இல் வெளிவந்த 'கட்டுரை வகுப்பு' என்னும் நூல் பெரிதும் விற்றது எனினும், பள்ளி ஆசிரியர்கள் இருவரின் பெயரே நூலாசிரியர் பெயராக அச்சிடப்பட்டது. அடுத்த ஆண்டில் யமமோத்தோ கஜிரோ அதனைத் திரைப்படமாக்கினார். சிறுமியாக நடித்தவர் தகாமினே ஹிதேகோ. மசாகோ பிற்காலத்தில் எழுத்தாளராகவே வாழ்ந்து 2010இல் மறைந்தார்.

இதே காலத்தில் வடகிழக்கு மாவட்டங்களில், குறிப்பாக அகித்தாவில், இளம் ஆசிரியர்கள் இம்முறையை வேறொரு திசையில் திருப்பினர். குளிரால் விளைச்சல் பொய்த்து, பெண்மக்களை விற்கும் அளவுக்குக் குடும்பங்கள் நலிந்த 1934ஆம் ஆண்டைப் போன்ற சூழலில், வீட்டின் வறுமையை எழுதும் பிள்ளை அதற்கான காரணத்தையும் கேட்கத்தான் செய்யும் என்பது அவர்கள் கருத்து. 'வாழ்க்கைக் கட்டுரை' எனப்பட்ட இவ்வியக்கத்தின் வலிமையும், அரசுக்கு அதன்மேல் எழுந்த அச்சமும் இதிலிருந்தே பிறந்தன. 1940 முதல் இவ்வாசிரியர்கள் பலர் அமைதிக் காப்புச் சட்டத்தின்கீழ்க் கைதாயினர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் யமகத்தா மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றின் நடுநிலைப்பள்ளியில், முச்சாக்கு செய்க்கியோ என்னும் ஆசிரியர் அம்முறையை மீண்டும் எடுத்துக்கொண்டார். 43 மாணவர்களைக் கொண்ட அவ்வகுப்பின் எழுத்துகள் 1951இல் 'எதிரொலிப் பள்ளி' என்னும் நூலாயின. அவற்றுள் ஒன்று, தாய் இறந்ததையும், அதன்பின் வீட்டு வரவு செலவுக்கு எவ்வாறு பற்றாமற்போயிற்று என்பதையும் கணக்கோடு எழுதிய ஒரு மாணவனுடையது. அதற்குக் கல்வி அமைச்சரின் பரிசு கிடைத்தது.